வாசலில் செருப்புகள்

அக்கா ஒரு குருவின் கூட்டத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. செம்பாக்கம் ஏரிக்கரையில் அவர்களுக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஏரிப் புறம்போக்கு, காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் வந்த வாரம்தான் நான் கேபிளில் அந்த ஆவணப்படத்தைப் பார்த்துத் தொலைத்தேன். எங்கோ வெளிநாட்டில் ஒரு மதக்குழு தங்கியிருந்த பண்ணையை அரசு வாரக்கணக்கில் சுற்றி வளைக்கிறது. கடைசியில் எல்லாம் எரிந்துபோகிறது. உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுகூட வெளியே நின்றவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையே கொட்டகைக்கு ஓடினேன். வாசலில் இருபத்தாறு ஜோடி செருப்புகள். அவற்றில் அக்காவின் நீல வார் செருப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இன்னொரு நோட்டீஸ் ஒட்ட வந்த தாலுகா ஆபீஸ்காரர்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியேறினார். இங்கே அப்படியெல்லாம் நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“புல்டோசர் வந்துட்டா என்னக்கா பண்ணுவே?” என்று கத்தினேன்.

“குரு சொல்லாம நாங்க வெளிய வரமாட்டோம். நீ வீட்டுக்குப் போ” என்றாள், சாந்தமாக. படத்திலும் ஒரு பெண் அப்படித்தான் பேசினாள்.

கெடு முடிந்த அன்று மறுபடி போனேன். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஒரு செருப்புகூட இல்லை; எல்லாவற்றையும் உள்ளே எடுத்துக்கொண்டு தாழ் போட்டிருந்தார்கள்.

வேனிலிருந்து இறங்கிய போலீஸ்காரர் நேராக என்னிடம் வந்து கேட்டார்:

“உள்ள எத்தினி பேரு சார் கீறாங்க?”