பலகைக்கு அப்பால் வெடித்த சிரிப்பு

வாசகரே, சாட்சியாக என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். நான் சொல்வதில் மிகை இருந்தால் மறுக்கலாம். ஆஸ்லோவில் என் அலுவலக மேசைக்கும் மேலாளர் இங்கரின் மேசைக்கும் நடுவே இடுப்பளவுத் தடுப்பு ஒன்றுதான். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். அப்படிப்பட்டவர் நேற்று என் கணினித் திரைக்குச் செய்தி அனுப்பினார்: ‘பேச நேரம் இருக்கிறதா?’ நான் எழுந்து நின்று, மேடைக் குரலில், “தாராளமாக இருக்கிறது, சொல்லுங்கள்” என்றேன். அவர் முகம் சிவந்தது. மறுநொடி திரையில் அடுத்த வரி: ‘உங்களுக்கு ஏதும் கோபமா?’

கோபமில்லை, உள்ளே ஒரு கொண்டாட்டம் தொடங்கியிருந்தது. அந்தத் தடுப்பு என்னை ஆரணியின் பழைய பிரவுசிங் சென்டருக்குத் தூக்கிச் சென்றுவிட்டது. பிளைவுட் பலகை அடித்த குட்டி அறைகள். பள்ளிச் சொற்போரில் கோப்பை வென்ற மிடுக்கோடு, உலகத்தோடு வாதாட அங்கே போய் அமர்வேன். ஒருநாள் அரட்டை அறையில் ‘லண்டன் ஸ்டெல்லா’ என்ற பெயர் என்னை அழைத்தது. முதல் வரியே ஏ, எஸ், எல் என்று மூன்று எழுத்து. பின்னால் ஒரு ப்ளீஸ். வயது, பாலினம், ஊர் மூன்றையும் கேட்கும் சுருக்கம் அது என்று உலகுக்குத் தெரியும். பட்டுக்கடை வீட்டுப் பிள்ளையான எனக்குத் தெரியாது; ‘அசல்’ என்றே சேர்த்துப் படித்தேன். எங்கள் கடைப்படி ஏறுகிறவர் முதலில் கேட்பது ‘அசலா?’ என்பதுதான். லண்டன் வரைக்கும் நம் பட்டுக்கு இத்தனை பெயரா என்று நெஞ்சு விம்ம, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தேன்: ‘அசல்தாங்க. ஜரிகையும் அசல்.’

பலகைக்கு அப்பால் நாற்காலி சரிந்தது, சிரிப்பு வெடித்தது.

“டேய், வயசு கேட்டா பொடவ வித்துகினு இருக்கியேடா.”

ஸ்டெல்லா வேறு யாருமல்லர். என் வகுப்புத் தோழன், சேவூர் டேனியல்.

“இன்னாபா பேஜாரு, சிரிக்கறதுன்னா வெளிய போய் சிரிங்க” என்றார் கடைக்காரர்.

அன்றைய அரட்டையை நான் போற்றுவது இதற்காகவே. எழுதியது போய்ச் சேர்ந்ததை அன்று ஒரு மனிதனின் சிரிப்பு உறுதிசெய்தது. இன்று? சென்ற வாரம் டேனியலின் திருமண அழைப்பிதழ் என் கைபேசிக்கு வந்தது. படம் மட்டும், ஊருக்கெல்லாம் ஒரே தட்டலில் அனுப்பியது. எனக்கென்று ஒரு சொல் இல்லை. இது எனக்கு அழைப்பா, வெறும் அறிவிப்பா? அவன் வாழ்வில் எனக்கு இன்னும் இடம் உண்டா? எத்தனையோ எதிரணிகளை வீழ்த்தியவன், இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கூசிக் கிடந்தேன்.

இங்கரின் வரியைப் பார்த்தபடியே முடிவெடுத்தேன். எழுதவில்லை, அழைத்தேன்.

“ஒரு வாரமா சத்தமே இல்ல. பேச்சாளருக்குத் தொண்ட கட்டிகிச்சா?” என்றான் டேனியல்.

“எனக்குன்னு ஒரு வரி எழுதலியேடா.”

“அது ஊருக்கு அனுப்பினது, ஒனக்கும் வந்துட்ச்சு. வூட்டு ஆளுக்கு எவன்டா பத்திரிக வெப்பான்? வாழ்த்துரை யாருன்னு மைக்செட்டுக்காரன் கேட்டுகினே இருந்தான், ஒன் பேரச் சொல்லிட்டேன். நீ வரலன்னா எங்க சித்தப்பாதான் பேசுவாரு. மண்டபமே தூங்கிடும்.”

ஜன்னலுக்கு வெளியே ஆஸ்லோவின் பனி; காதுக்குள், டேனியலின் பக்கமிருந்து, களம்பூர்ப் பேருந்தின் ஹாரன். நான் சிரித்த சிரிப்பில் அலுவலகமே திரும்பியது. இங்கர் தடுப்புக்கு மேலே எழுந்து, இம்முறை வாய் திறந்தே, “என்ன ஆயிற்று?” என்றார். இனி அவரிடம்தான் விடுப்புக் கேட்க வேண்டும். இரு நாட்டுக்கும் கேட்கட்டும் என்று தமிழிலேயே உரக்கச் சொன்னேன்:

“வரேன்டா. நான் வர்ற வரைக்கும் மைக்க எவன் கையிலயும் குடுக்காத.”