சன்னாசியின் பர்ஸும் பேரனின் சாய்ந்த நடையும்

சன்னாசி தன் மருமகள் தினேஸ்வரிக்கு அறுநூற்று நாற்பது வெள்ளி கடன்பட்டிருந்தார். ஒருத்தனிடமும் கை நீட்டாத மனுஷனுக்கு அந்தக் கடன் வந்த விதம் இருக்கிறதே, அது பெரிய கூத்து.

மலேசியாவில், தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பதினான்கு வயதிலேயே காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரண்டு முனையிலும் பால் வாளி தொங்க மேடு ஏறியவர் சன்னாசி. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இன்றைக்குச் சிம்பாங் பூலாயில் சொந்த வீடு, மூன்று லாரி. பட்டம் வாங்கியவன் போட்ட கணக்கையே விரல் விட்டு எண்ணித் திருத்திய ஆள்!

அந்தப் பெருமையெல்லாம் இடது பின்பாக்கெட்டில் செங்கல் கனத்துக்கு ஒரு பர்ஸாக உட்கார்ந்திருந்தது. ஐம்பது வெள்ளி நோட்டுக்கட்டு, முதல் லாரிக்கு டயர் வாங்கிய ரசீது, இதுவரை பரிசு அடிக்காத லாட்டரி நம்பர் சீட்டுகள். அதிலிருந்து ஒரு நோட்டு வெளியே வந்ததை யாரும் பார்த்ததில்லை. “அது செலவுக் காசு இல்ல, மரியாதைக் காசு” என்பார்.

பேரன் ரூபனுக்கு இரண்டரை வயது. ஒருநாள் பையன் இடது பக்கம் சாய்ந்து, காலை இழுத்து நடப்பதைச் சன்னாசி கண்டார். காண்டா சுமந்த தன்னுடைய முதுகுதான் மூன்றாம் தலைமுறைக்கும் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினார். ஈப்போவில் முதுகெலும்பைத் தட்டி நிமிர்த்தும் கைரோபிராக்டர் ஒருவரின் விளம்பரத்தையும் போனில் தேடிப் பிடித்தார். சிறுபிள்ளைகளுக்கும் உண்டு, எட்டுத் தடவைக்கு அறுநூற்று நாற்பது, சலுகை இன்றே கடைசி.

“ரெண்டரை வயசுப் பிள்ளை கழுத்தை முறுக்க விடுவேனா மாமா?” என்று தினேஸ்வரி மகனை வாரி எடுத்துக்கொண்டாள்.

“லாரி சேசிஸ் கோணிப்போனா அப்படியே ரோட்டுல விடுவோமா? வொர்க்‌ஷாப்புக்குத்தானே கொண்டு போறோம்?”

“இவன் லாரி இல்ல மாமா!”

“லாரிக்கே பாக்குறோம்லா, பேரனுக்குப் பாக்க வேணாமா?”

இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து விடுவார் என்று தெரிந்து அவள் இறங்கி வந்தாள். அந்தக் கைரோபிராக்டர் கடை போன் வழியாகத்தான் காசு வாங்கும். சன்னாசிக்கு அது வராது. அவளே கட்டினாள். ஆனால் ஒரு நிபந்தனை: முதலில் ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றால் அந்தக் காசு மாமனார் தலையில்.

“சன்னாசி வாக்கு மாறமாட்டான்,” என்று நெஞ்சில் தட்டினார்.

டாக்டரம்மா ரூபனின் இடுப்பை மடக்கினார், காலை நீட்டினார், நடக்கவிட்டார். எலும்பில் ஒரு குறையும் இல்லை என்றார்.

“நான் ஒரு டயர் பாக்கவே அரை மணி நேரம் எடுப்பேன். இவங்க பத்தே நிமிஷத்துல பாத்துட்டாங்களாம்!” என்று சன்னாசி நேரே கைரோபிராக்டரிடம் வண்டியை விட்டார். தினேஸ்வரி வழிநெடுக மகனின் கழுத்தைப் பொத்திக்கொண்டே வந்தாள்.

கைரோபிராக்டர் ஒரு சீன இளைஞர். “அங்கிள், நீங்க முன்னால நடங்க, பையன் பின்னால வரட்டும்,” என்று மலாயில் சொன்னார். சன்னாசி இடது பக்கம் சாய்ந்து நடந்தார். ரூபனும் அதே சாய்வில், அதே இழுப்பில் பின்னால் வந்தான். கவுண்டரில் இருந்த பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. ரூபனின் இடது பின்பாக்கெட் புடைத்திருந்தது. உள்ளே ஒரு டிஷ்யூ பாக்கெட்.

“என் பர்ஸ்,” என்றான் ரூபன்.

“பையனை நான் தொடமாட்டேன். அவனுக்கு ஒன்னுமில்ல. சாஞ்சிருக்கறது நீங்கதான், அங்கிள்.”

தினேஸ்வரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் கட்டிய காசு திரும்பாதாம். விடுவாரா சன்னாசி? தானே மேசையில் ஏறிப் படுத்தார். முதல் தட்டுக்கு அவர் போட்ட “முருகா!” சத்தத்தில், வெளியே காத்திருந்த மூன்று பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். எட்டுத் தடவையும் படுத்தார். எட்டுத் தடவையும் எழுந்ததும் பர்ஸைப் பழைய இடத்தில் சொருகிக்கொண்டு, சாய்ந்தபடியே வெளியே வந்தார். கடனைக் கேட்டால், “பேங்க்ல எடுத்துத் தாரேன்மா” என்பார்.

இப்படியே நாலு மாதம். ஒரு காலையில் ரூபன் சாய்ந்து நடந்து நடந்து, நேராக லாரி டயரில் முட்டி விழுந்தான். நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம்.

தினேஸ்வரி மகனைத் தூக்கி அழுகையை அமர்த்தி இறக்கிவிட்டு, மாமனார் முன்னால் உள்ளங்கையை விரித்தாள். “பேங்க் காசு வேணாம் மாமா. பர்ஸ்ல இருந்து குடுங்க. அது இளைச்சாத்தான் என் பிள்ளை நிமிருவான்.”

சன்னாசி பேரனைப் பார்த்தார். வீங்கிய நெற்றியோடு அவன் சாய்ந்து நின்று, பின்பாக்கெட்டைத் தடவிக்கொண்டிருந்தான். அவர் பர்ஸை உருவினார். நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எச்சில் தொட்டுப் பிரித்தார். சம்பள நாளில் தோட்டத்தில் எண்ணுகிறபடியே, ஒன்று என்று வாயால் சொல்லாமல், “லாபம்” என்று முதல் நோட்டை அவள் கையில் வைத்தார். பிறகு ரெண்டு, மூணு. ஐம்பது வெள்ளி நோட்டு பன்னிரண்டு போய், பத்து வெள்ளி நோட்டு நாலும் விழுந்தன.

ரூபனும் டிஷ்யூ பாக்கெட்டை உருவினான். எச்சில் தொட்டு ஒரு தாளை எடுத்தான். எட்டாததால் நேராக நிமிர்ந்து, எக்கி நின்று, அம்மாவின் உள்ளங்கையில் நோட்டுகளுக்கு மேலே வைத்தான்.

“லாபம்,” என்றான்.