சந்தனம் வைத்த ஃப்ளாப்பியும் முதலாளியின் மச்சினனும்

இன்று மதியம் ராஜபாளையத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூட்டம். என் பிரிண்டிங் கடையை அங்கே வேலை பார்க்கும் நூர்ஜஹானிடம் விட்டுவிட்டுப் போனேன்.

சைபர் தாக்குதலில் இருந்து கடையைக் காப்பாற்றுவது எப்படி என்று பேச்சு. (வடை நன்றாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.)

கோட் போட்ட தம்பி ஒருவர் திரையில் படம் போட்டுக் காட்டியபடி மைக்கைப் பிடித்தார். "உங்க கடையிலயே பெரிய ஓட்டை எது தெரியுமா? உங்க ஸ்டாஃப்தான்."

வந்திருந்த முதலாளிகள் எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஏன் என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில், புத்தகம் நோட்டீஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துத் தரும் ஒரு டி.டி.பி. சென்டரில் நான் டைப்பிஸ்ட். கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அப்பா படுத்த படுக்கை. என் வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த வருடம் பெரிய வேலை ஒன்று வந்தது. ஒரு சர்ச்சின் நூற்றாண்டு மலர், நூற்றறுபது பக்கம். தொகுத்தவர் ஜெபராஜ் சார், ரிட்டயர்டு வாத்தியார்.

கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பத்திக்குப் பத்தி சேவ் செய்வேன். சனிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் ஃப்ளாப்பிகளில் காப்பி எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைப்பேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு தடவை நாற்பது பக்கம் கரண்டோடு போனது, அது போதும்.

'வெளி ஃப்ளாப்பி போடக் கூடாது' என்று அட்டையில் எழுதி மெஷின் மேல் ஒட்டியதும் நான்தான்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு முதலாளியின் மச்சினன் மெட்ராஸில் இருந்து லீவுக்கு வந்தான். வந்ததும் சட்டைப் பையில் இருந்து ஒரு கேம் ஃப்ளாப்பியை எடுத்தான்.

"அண்ணாச்சி, வெளி ஃப்ளாப்பி வேண்டாம். வைரஸ் இருந்தா எல்லாம் போயிரும்," என்று முதலாளியிடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். "ஏட்டி, அவன் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் படிக்கான். நீ அவனுக்குப் பாடம் எடுக்கியாக்கும்? எந்திரி, செத்த நேரம் வெளையாடட்டும்."

எழுந்தேன். செத்த நேரம் என்பது அரை நாள் ஆனது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் திரையில் கார் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூஜை லீவு முடிந்து வந்து மெஷினைப் போட்டால் கறுப்புத் திரை. மதுரையில் இருந்து மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "வைரஸ்மா. உள்ள ஒண்ணும் மிச்சமில்ல."

நான் பதறவில்லை. பிஸ்கட் டப்பா இருக்கிறதே. திறந்தேன்.

ஒவ்வொரு ஃப்ளாப்பியிலும் சந்தனம். அதன் மேல் குங்குமம்.

அந்தக் காலத்து அஞ்சேகால் இஞ்ச் ஃப்ளாப்பியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கறுப்பு உறைக்குள் வட்டமான தகடு இருக்கும். உறையில் ஒரு நீளத் திறப்பு, அதில் தகடு வெளியே தெரியும். விரல் பட்டாலே கெட்டுவிடும். முதலாளி சரியாக அந்த இடத்தைத் தேடிப் பொட்டு வைத்திருந்தார்.

பூஜையைக் குறை சொல்லவில்லை. கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், டேபிள் ஃபேன் எல்லாவற்றுக்கும்தான் பொட்டு வைப்போம். டப்பாவைத் திறக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா?

துடைத்துப் போட்டுப் பார்த்தோம். கரகரவென்று சத்தம் வந்ததுதான் மிச்சம்.

மலர் அச்சுக்குப் போகப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஜெபராஜ் சார் வந்தார். என்னை வைத்துக்கொண்டே முதலாளி சொன்னார்: "இந்தப் பிள்ளை எதையோ தப்பா அமுக்கி அழிச்சிட்டு சார்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போகும். அன்று பேசாமல் நின்றதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே கோபம் வருகிறது.

சார் மேஜையில் கிடந்த ஃப்ளாப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதுல பொட்டு வச்சது யாரு?"

"நல்லதுக்குத்தான் சார், பூஜைக்கு..." என்று இழுத்தார் முதலாளி.

"சரி, நல்லதுக்குத்தான். அப்பம் பிள்ளையத் திட்டாதிய," என்று சொல்லிவிட்டு சார் வீட்டுக்குப் போய், அதுவரை திருத்தி வைத்திருந்த ப்ரூஃப் கட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இருக்கது இம்புட்டுத்தாம்மா. அடிச்சிருவியா?"

அடித்தேன். நூற்றறுபது பக்கமும். நடுவில் கரண்ட் போனது எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பதினோராம் நாள் முடித்தேன்.

கடைசிப் பக்கத்தில் நன்றி போட வேண்டும். முதலாளி எழுதித் தந்தார். 'கணினி உதவி' என்று மச்சினன் பெயர்.

அந்த வரியையும் நான்தான் டைப் அடித்தேன்.

இதெல்லாம் நெஞ்சில் ஓட, இன்று கூட்டத்தில் எழுந்து கேட்டேன்: "தம்பி, முதலாளி வீட்டு ஆள் கொண்டுவர்ற வைரஸுக்கு உங்க படத்துல எந்த இடம்?"

"குட் கொஸ்டின் மேடம்," என்றார். அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

கொதித்துக்கொண்டே கடைக்கு வந்து நூர்ஜஹானிடம் முழுக் கதையையும் கொட்டினேன். என்னிடம் ஆறு வருடமாக வேலை பார்க்கிற பெண், அதிகம் பேச மாட்டாள். கேட்டு முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, போன வாரம் உங்க தம்பி பென்டிரைவ் கொண்டாந்தாகள்ல? நான் வேண்டாம்னேன். 'நம்ம தம்பிதான, போடு'ன்னு நீங்கதான் சொன்னிய."

ஆமாம், நான்தான் சொன்னேன்.

அதற்கு மேலும் மறுத்துப் பேசினால் என்ன ஆகும் என்று அவளும் யோசித்திருப்பாள். என்னைப் போலவே பேசாமல் நின்றிருப்பாள்.

கடையில் புது அட்டை ஒட்டியாகிவிட்டது. எழுதியது நூர்ஜஹான்: 'வெளி பென்டிரைவ் போடக் கூடாது. அக்கா சொன்னாலும்.'

கடை வைத்திருப்பவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கடையில் உங்களைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, மறுநாளும் வேலைக்கு வரக்கூடியவர் யார்?