அடிமண்டி தந்த வேலை

மணப்பாறையைத் தாண்டி நான்காவது மைல் கல்லருகே வந்தபோது காலை ஆறு மணி. உடம்பில் தடிப்பு இன்னும் அடங்கவில்லை. அந்த ஊர்க் காப்பிக் கடையில் மூன்று நாள்தான் வேலை பார்த்தேன். பால் எனக்கு ஆகாது என்பதை மறைத்திருந்தேன். நேற்று முதலாளி ருசி பார்க்க ஒரு மடக்குப் பால் கொடுத்தார்; குட்டு வெளிப்பட்டது, வேலை போயிற்று. திருச்சிக்கு இன்னும் இருபது மைல். பஸ்ஸுக்கு ஆறணா கேட்டார்கள். நடந்தேன்.

பகல் இரண்டு மணிக்குத் திருச்சி. காவிரிப் பாலம் கடந்து ஸ்ரீரங்கம் சேரும்போது நாலு. சோறும் வேலையும் உடனே வேண்டியிருந்தன. உத்தர வீதிக்குப் பின்புறச் சந்தில், கல்யாணங்களுக்கு நெய் காய்ச்சிக் கொடுக்கும் சேஷு ஐயங்கார் வீடு. நெய்யில் முருங்கை இலை பொரியும் வாசனை என்னை நிறுத்திவிட்டது. விறகு பிளந்தேன், இலை போட்டார்.

"மோர் விடட்டுமா ஓய்?"

"வேண்டாம் சாமி. பால் பட்டாலே தடிச்சுடும்."

"நெய்?"

"பயந்துக்கிட்டுத் தொட்டதே இல்லைங்க."

"நெய்க்கு அப்பா வெண்ணெய், தாத்தா தயிர், கொள்ளுத்தாத்தாதான் பால். அவ்வளவு தூரத்துச் சண்டை இந்தக் கொள்ளுப்பேரனுக்கு எதுக்கு? ஒரு சொட்டு விட்டுப் பாரும்."

ஒரு சொட்டு, பிறகு ஒரு கரண்டி. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. மகிழ்ந்துபோனவர், சட்டியின் அடியில் தங்கிய அடிமண்டியைச் சுரண்டி, வெல்லம் பிசைந்து கொடுத்தார்.

"இது எல்லாருக்கும் கிடைக்காது ஓய்!"

அரை மணியில் கழுத்து வரை தடித்தது. சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"பாலெல்லாம் மண்டியிலேதான் தங்கறது போலிருக்கு! சித்திரை வீதி மாமிக்கும் பால் ஆகாது. நெய் சேர்த்துக்கலாம்னு வைத்தியர் சொல்லியும், நம்ம நெய் அரிக்கறதுன்னு திருப்பி அனுப்பிட்டா. மணமா இருக்கட்டும்னு இந்த மண்டியை நானே கலக்கி விட்டேனே, பெருமாளே!"

பால் ஆகாத எல்லோருக்கும் நெய் ஆகும் என்று எழுத மாட்டேன். எனக்கு, மண்டி நீக்கிய நெய் ஒத்துக்கொண்டது.

விடிவதற்குள் தடிப்பு வற்றிவிட்டது. ஐந்து மணிக்கு நாலாக மடித்த வேட்டித் துணியில் மாமிக்கான நெய்யை வடித்தேன். முதல் கரண்டி என் சோற்றில். ஐயங்கார் எதிரே உட்கார்ந்து ஆறு மணி வரை என் கைகளையே பார்த்தார்.

"அரிக்கறதா?"

"இல்லைங்க."

"அப்போ தூக்கை எடும். மாமி வீட்டுக்கு நீரே கொண்டு போம். நாளைக்கும் வடிக்க வந்துடும்."