பர்னிக்கு ஒரு நாற்காலி

பூர்தேரே சந்தையில் ஒட்டகப்பால் விற்கும் பர்னிக்கு ஒலிபெருக்கி எதற்கு? இந்தக் கோடியில் அவள் சிரித்தால், அந்தக் கோடியில் ஆடு விற்பவன் என்ன சங்கதி என்று கேட்பான். அவள் பிறந்த வீடு வடக்குக் குலம், புகுந்த வீடு தெற்குக் குலம். ஒரு கிணற்றுக்காக இரண்டு குலமும் துப்பாக்கி தூக்கியதிலிருந்து அவளுடைய அண்ணன் வர்சமேயும் கணவன் கூலெடும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் கிடந்து அல்லாடியவள் பர்னிதான்.

இதுவரை நடந்த எல்லாச் சமாதானப் பேச்சிலும் அவள் இருந்திருக்கிறாள், தேநீர்க் கெட்டிலோடு. மரத்தடியில் ஆண்கள் உட்கார்ந்து நாடாளுவார்கள். அவள் ஊற்றிக்கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்பாள். அவர்கள் கட்டிய சமாதானம் அடுத்த மழை வரைக்கும் தாங்கியதில்லை. இந்தத் தடவை உட்கார்ந்தே தீருவது என்று பர்னி முடிவு செய்திருந்தாள்.

அதற்கு வழியும் பிறந்தது. சோமாலியாவில் மாநிலங்கள் சேர்ந்த கூட்டாட்சி அமைந்தால் சண்டை ஓயும் என்று வெளிநாட்டுக்காரர்கள் கை கொடுக்க வந்திருந்தார்கள். புது மாநிலத்துக்கு ஒரு சட்டசபை, அதில் பெண்களும் இருக்கவேண்டும், இல்லையென்றால் உதவி கிடையாது என்று அவர்களுடைய தூதர் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

சட்டசபைக்குத் தன்னை அனுப்பச் சொல்லிப் பர்னி முதலில் அண்ணனிடம் போனாள். வர்சமே தாடியைத் தடவினான். "நீ கட்டிக்கொடுத்த பொண்ணு தங்கச்சி. அங்க உக்காந்து புருஷன் வீட்டுக்குத்தான் கை தூக்குவ."

அன்றைக்கே கணவனிடம் கேட்டாள். கூலெட் அவளை உயிராக நினைப்பவன்தான். இருந்தாலும், அண்ணன் கண்ணைக் காட்டினால் அவள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவாள் என்று இழுத்தான். முகம் பார்க்காத இரண்டு பேரும் இதில் மட்டும் எப்படித்தான் ஒத்துப்போனார்களோ, பர்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளில், சட்டசபையில் ஒரே ஒரு இடம் பாக்கி. வடக்கு எங்களுக்கு என்றது, தெற்கு எங்களுக்கு என்றது. பந்தலில் சோறும் வாழைப்பழமும் வந்தன, போயின. வாதம் மட்டும் நகரவில்லை. இருட்டுவதற்குள் தன் விமானம் கிளம்பிவிடும், கையெழுத்து இல்லாமல் போனால் திரும்பி வராது என்றார் தூதர் அம்மாள். பெரியவர்கள் அப்போதும் அசையவில்லை.

கெட்டிலைத் தரையில் வைத்துவிட்டுப் பர்னி நடுப்பந்தலுக்கு வந்தாள்.

"எங்கண்ணனுக்கு நான் புருஷன் வீட்டு ஆளாயிருவேன்னு பயம். எம்புருஷனுக்கு நான் அண்ணன் வீட்டு ஆளாயிருவேன்னு பயம். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலப் பயப்படற ஆளு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? அந்த எடத்த எனக்குக் குடுங்க."

பேச்சுக்குத் தலைமை தாங்கிய ஹாஜி எல்மிதான் முதலில் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. பிறகு வடக்குப் பக்கம் திரும்பி, இவள் யார் ரத்தம் என்று கேட்டார். எங்கள் ரத்தம் என்றார்கள். தெற்குப் பக்கம் திரும்பி, இவள் யார் பிள்ளைகளின் தாய் என்றார். எங்கள் பிள்ளைகளின் தாய் என்றார்கள். அப்புறம் இரு பக்கமும் தமக்குள் தலையைச் சேர்த்துக் கிசுகிசுத்தன. எதிராளியை ஏமாற்றிவிட்டோம் என்ற பூரிப்பில் இரண்டு குலமும் ஒரே நேரத்தில் சரி என்றன.

கையெழுத்தானது. அந்தப் பெண் எந்தப் பக்கத்து ஆள் என்று தூதர் அம்மாள் கேட்க, இரு பக்கமும் எங்கள் ஆள் என்றது. மொழிபெயர்ப்பாளன் பாவம், அதையே இரண்டு முறை சொன்னான். வெளியே நின்ற பெண்கள் குலவையிட்டதில் கட்டியிருந்த ஒட்டகங்கள் மிரண்டன.

பதவியேற்க உறுப்பினர்களை மேடைக்கு அழைத்தார்கள். பர்னி நாற்காலிக்கு அருகே போய்த் திரும்பிப் பார்த்தாள். கூட்டம் முண்டியடித்ததில் அவளுடைய அண்ணனும் கணவனும் தோளோடு தோள் இடிபட்டு நின்றார்கள். உயரமான வர்சமேயின் தலை கூலெடுக்கு மறைத்தது. கூலெட் தொண்டையைச் செருமினான்.

"மச்சான், கொஞ்சம் தள்ளிக்குங்க. அவ உக்கார்றத நானும் பாக்கணும்."

வர்சமே திரும்பிப் பார்த்தான். பிறகு தங்கை கணவனின் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டான்.

பர்னிக்கு உட்காரவே மறந்துபோனது.