குளிப்பதற்கு முன் ஒரு குளியல்

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மல்லிகா முதல்முறையாக நீச்சல் குளத்துக்குக் கிளம்பினாள். நீந்த அல்ல... நடக்க!

அவள் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். வருஷக்கணக்கில் நின்றபடியே பாடம் நடத்தியதில் முழங்கால் தேய்ந்துவிட்டது. 'இடுப்பளவு தண்ணீரில் தினமும் நடங்கள், இல்லாவிட்டால் ஆபரேஷன்தான்' என்றார் டாக்டர். மல்லிகாவுக்கு ஆபரேஷன் என்றால் நடுக்கம். தண்ணீர் என்றால் அதைவிடக் கொஞ்சம் குறைவான நடுக்கம். நீச்சல் உடையை வாங்கி வைத்து, தினமும் எடுத்துப் பார்த்து, மறுபடி மடித்து வைத்து... ஒருவழியாகத் துணிந்தாள்.

பொம்மசந்திரா தாண்டி எங்கள் ஏரியாவில் ஒரு பொது நீச்சல் குளம். டிக்கெட் வாங்கினால் யாரும் இறங்கலாம். வாசலில் பெரிய போர்டு — குளித்துவிட்டு இறங்கவும், தொப்பி கட்டாயம், எண்ணெய் தடவி வரக்கூடாது. கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு மொழியிலும் யாரும் படிப்பதில்லை.

எங்களுக்கு முன்னால் பக்கத்து பிளாக் வெங்கடேசன் நின்றார். ஐ.டி. கம்பெனி மேனேஜர், ஊர் ஆம்பூர். தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் மினுமினுத்தது.

"என்ன சார் இது?"

"சண்டே ஆயில் பாத் சார். வீட்ல போர் தண்ணி... சோப்பே நுரைக்க மாட்டேங்குது, எண்ணெய் எங்க போறது? இங்கன்னா ஒரே முங்கு!"

"ஷவர்ல குளிச்சிட்டுத்தானே இறங்கணும்?"

"குளிக்க வர்ற எடத்துக்குக் குளிச்சிட்டு வேற வரணுமா?"

கேட்டதும் நியாயம்போலத் தோன்றியது. அதுதான் ஆபத்து.

உள்ளே லைஃப் கார்டு மஞ்சு இரண்டு கைகளையும் விரித்து எல்லோரையும் மறித்தார். ஆனேக்கல்காரர், தமிழும் சேர்த்து மூன்று மொழியிலும் அதட்டத் தெரிந்தவர். அவருக்குப் பின்னால் குளம் நீர்மோர் நிறத்தில் இருந்தது.

"பேடா சார், வேணாம்! யாரும் எறங்காதீங்க! தண்ணி கலங்கிப்போச்சு, அடில தரை தெரியல. யாராவது முங்கினா நான் எங்கன்னு தேடறது?"

"மூக்கைத் தொளைக்குதே குளோரின் வாசனை! இதைவிட சுத்தம் வேணுமா?" என்று எகிறினார் வெங்கடேசன். கூட்டம் ஆமாம் போட்டது.

மல்லிகாவின் முகம் வாடிவிட்டது. பாவமாக இருந்தது எனக்கு. இன்றைக்குத் திரும்பிப் போனால் இன்னொரு முறை துணிவாளா?

ஆனால் அவளுக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள்.

"சுத்தமான தண்ணில குளோரின் இவ்ளோ நெடி அடிக்காதுங்க. வேர்வை, மூத்திரத்தோட சேர்ந்தாதான் இந்த நெடி. நெடி ஜாஸ்தின்னா அழுக்கு ஜாஸ்தி."

அப்பாக்கள் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பிள்ளைகள் — கொஞ்சம் அதிக நேரம் — அப்பாக்களைப் பார்த்தார்கள்.

"எண்ணெய்கூடவா மேடம்?" வெங்கடேசனின் குரல் இறங்கியிருந்தது.

"பின்னே? குளோரின் கிருமியைக் கொல்லுமா, உங்க நல்லெண்ணெயோட மல்லுக்கட்டுமா?"

யோசித்துப் பாருங்கள். டம்ளர் உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற ஆட்கள் நாம். அடுத்தவர் எச்சில் என்றால் அப்படியொரு அருவருப்பு. வீட்டில் குளித்த தண்ணீராவது சாக்கடைக்குப் போய்விடும். குளத்தில்? அங்கேயேதான் சுற்றும்... பக்கத்தில் நீந்துகிறவர் வாய் திறக்கும்வரை.

ஃபில்டரை ஓடவிட்டு, தண்ணீரை டெஸ்ட் செய்து, புதன்கிழமை மாலை குளத்தைத் திறந்தார்கள். அடியில் நீல டைல்ஸ் பளிச்சென்று தெரிந்தது. நெடி இல்லை. ஷவர் முன்னால் ரேஷன் கடை க்யூ. அதில் முதல் ஆள், தொப்பியும் சீயக்காய் மணமுமாக வெங்கடேசன்!

மல்லிகா படியில் நின்று தயங்கினாள். அடியில் தரை தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு சுவரைப் பிடித்தபடி இறங்கி, அந்தக் கோடி வரை நடந்து, திரும்பி வந்தாள்.

"வலியே தெரியலைங்க!"

கரையில் நின்றபடி நான் கைதட்டினேன்.

"நீங்களும் எறங்குங்க!" என்றாள். நான் குளித்து, தொப்பி மாட்டித் தயாராகத்தான் இருந்தேன். ஆனாலும் சட்டென்று எதிர்ப்பக்கம் நடந்தேன்.

"எங்க போறீங்க?"

முதலில் டாய்லெட்டுக்கு. கெமிஸ்ட்ரி டீச்சரின் புருஷனுக்கு வேறு வழி?