கண்மணி எழுதிய வாடை

கண்மணிக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். வாட்ஸப்பில் இருக்கிற மனிதர்களைத்தான் பிடிக்காது. விடிந்தால் ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங், மதியம் வெந்தயத்தின் மகிமை, சாயங்காலம் யாரோ யாரையோ திட்டும் வீடியோ. கேட்டித் தமிழ்க் குடும்பங்கள் குழுவில் எழுநூறு பேர். அந்தக் குப்பைக்கு நடுவே எட்டு வருடமாக உருப்படியான ஒன்றைப் போட்டுவருவது தான் ஒருத்திதான் என்பது அவள் எண்ணம். வியாழக்கிழமை தவறாமல் அவள் எழுதும் கடலோர வானிலைதான் அது.

ஐம்பத்தொரு வயது. கோபிசெட்டிபாளையத்தில் இயற்பியல் படித்துவிட்டு, கடல் கடந்து வந்து கேட்டி என்ற ஊரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று குறிக்கிற வேலை பார்க்கிறாள். எட்டு வருடத்துக்கு முன் ஒரு புயலில் ஊரே மிதந்தபோது மூன்று நாள் மாடியில் மாட்டிக்கொண்டு, வேறு வேலையில்லாமல் வானிலை நிலையத்தின் அறிக்கைகளைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். அதன்பிறகு விடவில்லை. அவள் சொன்னால் சொன்ன நேரத்துக்கு மழை வரும் என்று ஒரு பெயரும் வந்துவிட்டது.

அவளிடம் ஒரு வீம்பு உண்டு. காற்றுக்குத் தமிழில் திசைக்கொரு பெயர் இருக்கும்போது ஆங்கிலத்தில் எழுதமாட்டாள். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை. ஒருமுறை கொண்டல் என்று எழுதியதற்கு ஒருவர் கொண்டைக்கடலை படம் அனுப்பினார். இன்னொருமுறை கோடை என்றதற்கு, "மேடம், இது நவம்பர்" என்று ஒருவர் திருத்தினார். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த ஜனவரியில் தமிழ்ச் சங்கத் தலைவர் ஜெயபிரகாஷ், சனிக்கிழமை கால்வெஸ்டன் கடற்கரையில் பொங்கல் பிக்னிக் என்று அறிவித்தார். கண்மணி வரைபடங்களைப் பார்த்தாள். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கிக்கொண்டிருந்தது. மதியம் ஒரு மணிவரை எழுபத்தாறு டிகிரி பாரன்ஹீட், சுகமான வெயில். காற்று கரையைத் தொட்டதும் ஒரு மணி நேரத்தில் நாற்பத்தெட்டுக்கு விழும். ஆளைத் தள்ளும் வேகம் வேறு. எண்களைப் போட்டால் பாரன்ஹீட்டா செல்சியஸா என்று ஒரு கூட்டம் கிளம்பும் என்று நினைத்து, எண்ணே இல்லாமல் எழுதினாள்.

"சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குமேல் கால்வெஸ்டன் கடற்கரையில் கடும் வாடை வீசும். குழந்தைகளுடன் அங்கே நிற்க வேண்டாம்."

ஐந்து நிமிடத்தில் முதல் பதில் வந்தது. "மேடம், செத்த மீனா, பாசியா?" அடுத்தவர், "போன ஜூலைலயே நாத்தம் தாங்கல" என்றார். மூன்றாமவர் மூக்கைப் பிடிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டார். கடைசியில் தலைவரே வந்தார். "நண்பர்களே, வாடையைப் பற்றிக் கவலை வேண்டாம். மாஸ்க் அரேஞ்ச் பண்ணியாச்சு. சாம்பிராணியும் உண்டு!"

கண்மணி அந்தப் பதில்களை மறுபடி படித்தாள். வாடை வீசும் என்றால் வாடைக்காற்று என்று புரியாத தமிழர்கள்! இவர்கள் பொங்கல் வைக்கிறார்களாம், பட்டிமன்றம் நடத்துகிறார்களாம். 'வடக்கிலிருந்து குளிர்காற்று' என்று இரண்டு வார்த்தை தட்டினால் விஷயம் முடிந்துவிடும். விரல் போனது, நின்றுவிட்டது. எட்டு வருடம் எழுதியும் ஏறாத மண்டையில் இனி என்ன ஏறப்போகிறது, வந்து பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை யாமினியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. மூன்று வீடு தள்ளியிருக்கிற சேலத்துப் பெண். புருஷன் பாதி மாதம் எண்ணெய்க் கிணற்று வேலையில் கடலில் இருப்பான். ஐந்து மாதத்துக்கு முன் அவளுக்குக் குழந்தை பிறந்தபோது பத்தியச் சோறு வடித்துக்கொடுத்தவளே கண்மணிதான்.

"ஆன்ட்டி, வாடை ரொம்ப ஹெவியா இருக்குமா? பாப்பாக்கு மாஸ்க் போட முடியாதே. தூக்கிட்டுப் போலாமா, வேணாமா? நீங்க சொன்னா சரி."

படித்தாள். இவளுமா! எம்.ஏ. தமிழ் படித்தவள் வேறு. அந்த எரிச்சலில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாவாட்டப் போனாள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிறகு சொல்லவில்லை.

சனிக்கிழமை அவளும் போனாள். ஏன் போனாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்: வேடிக்கை பார்க்கப் போனாள். எழுநூறு பேரில் நூற்றைம்பது பேர் பட்டும் மல்லுவேட்டியுமாக வந்திருந்தார்கள். ஒருவரிடமும் ஸ்வெட்டர் இல்லை. பாதிப் பேர் மாஸ்கைத் தாடையில் தொங்கவிட்டிருந்தார்கள். தூரத்தில், தண்ணீர் ஓரமாக, யாமினி குழந்தையின் காலை அலையில் நனைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் கண்மணி அவசரமாக மணி பார்த்தாள். போய்ச் சொல்லிவிடலாம் என்று நாலடி வைத்தாள்.

ஜெயபிரகாஷ் குறுக்கே வந்து ஒரு மாஸ்கை நீட்டினார். "இன்னா மேடம், மணி ஒன்னாவப் போவுது, உங்க நாத்தம் இன்னும் வரலியே! டிராஃபிக்ல மாட்டிக்கிச்சா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கண்மணிக்குக் காதுமடல் எரிந்தது. அந்த மாஸ்கை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

ஒன்று இருபதுக்குக் காற்று திரும்பியது. வடக்கே ஊருக்குமேல் கறுநீலமாக ஒரு கோடு தெரிந்தது, அவ்வளவுதான், அடுத்த நொடி மணல் முகத்தில் அறைந்தது. பந்தல்கள் பிய்த்துக்கொண்டு கடலுக்குப் போயின. அடுப்பு அணைந்தது. பொங்கல் பானைக்குள் மண் விழுந்தது. பட்டுப்புடவைகள் கார்களை நோக்கி ஓடின. கண்மணி இரண்டு நாளாகக் காத்திருந்த காட்சி இது. பார்க்கச் சகிக்கவில்லை.

காற்றுக்கு எதிராக யாமினியால் நடக்க முடியவில்லை. அலை இடுப்புவரை நனைத்துவிட்டிருந்தது. குழந்தையின் துணியும் சொட்டச் சொட்ட ஈரம். கண்மணி ஓடிப்போய்க் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். யாமினியையும் இழுத்துக்கொண்டு அவள் காருக்குள் நுழைந்து ஹீட்டரை முழுக்க வைத்து, ஈரத்துணியை உருவி எறிந்து, தன் ரவிக்கையைத் தளர்த்திக் குழந்தையை வெறும் மேலோடு அணைத்துக்கொண்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அழக்கூட இல்லை. அழு கண்ணு, அழு கண்ணு என்று முதுகைத் தேய்த்துக்கொண்டேயிருந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு சின்னச் சிணுங்கல் வந்தது. பிறகு வீறிட்டது. உதட்டில் நிறம் திரும்பியது. தாயிடம் பால் குடித்துவிட்டு, அவள் மடியிலேயே தூங்கிவிட்டது.

யாமினிக்கு நடுக்கம் அடங்கவே நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேள நீங்க வந்தீங்க ஆன்ட்டி" என்றாள். "என் மெசேஜ நீங்க பாக்கல போல. பாத்திருந்தா போகாதன்னு சொல்லியிருப்பீங்க."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அந்தப் பெண் அப்படியே நம்பிவிடுவாள். எழுநூறு பேர்மேலும் வராத அருவருப்பு கண்மணிக்குத் தன்மேல் வந்தது.

"பாத்தனுங் கண்ணு" என்றாள். "நீயும் நாத்தம்னு நெனச்சுக்கிட்டது தெரிஞ்சுது. பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

யாமினி குழந்தையின் தலையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"இறங்குங்க ஆன்ட்டி. கதவ மெதுவா சாத்துங்க, பாப்பா தூங்குறா."